மரண அறிவித்தலில் என் பெயர்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. இந்திரனின் அம்மா விடிய ஐந்தரைக்குப் போய்விட்டார். மரண அறிவித்தல் என் அச்சகத்தில்தான் அடித்தது. அதில் மருமகள் இடத்தில் என் பெயர் வந்துவிட்டது. அறுபது நோட்டீஸும் ஊர்ச் சுவர்களில் ஏறிய பிறகுதான் இந்திரன் பார்த்தார்.

நடந்தது இவ்வளவுதான். மிச்சத்தையும் எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரிச் சொல்லுவேன்.

ஏழு மணிக்கு இந்திரனின் போன். அழவில்லை. விபரம் சொன்னார். பிள்ளைகள் இரண்டு: தான், கனடாவில் தங்கச்சி வதனி. வதனியின் புருசன் சுதாகரன். தங்கச்சி வரும்வரை பிரேதத்தை வைத்திருந்து வியாழன் தகனம். "கெதியா அடிச்சு ஒட்டுவியும் கௌரி. உம்மை விட்டா எனக்கு ஆர்?" இந்த வசனத்தை மூன்று வருடமாகக் கேட்கிறேன். எப்போதும் ஒரு வேலைக்கு முன்னால்தான் வரும்.

தட்டச்சு, தவராசா அண்ணை. ஒரேயொரு போட்டோக்கொப்பி மெசினோடு நான் கடை திறந்த நாளிலிருந்து கூட இருக்கிறார். அறுபத்திரண்டு வயது. அவர் அடித்தது: "...இந்திரன், வதனி (கனடா) ஆகியோரின் அன்புத் தாயாரும், கௌரி, சுதாகரன் ஆகியோரின் அன்பு மாமியாரும்..."

நாலு மணிக்கு மறுபடி போன்.

"என்ன செய்து வச்சிருக்கிறீர்?"

"என்ன?"

"சந்தியில நிண்டு வாசிச்சனான். ஆரோ போட்டோ எடுத்து வதனிக்கும் அனுப்பிப்போட்டான். பிளைட் ஏறப்போற நேரத்தில 'அண்ணா, ஆர் கௌரி?' எண்டு கேக்கிறாள்."

"என்ன சொன்னீங்கள்?"

"அச்சுப்பிழை எண்டனான்."

தவராசா அண்ணையைக் கடைக்கு வந்திருந்த நாலு பேருக்கு முன்னால் ஏசினேன். "கண் தெரியாட்டி வீட்டில இருங்கோ." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

காற்று இல்லை. கடல் தகரம் மாதிரி.

அதே தாளில் நீட்டுத் துண்டுகள் வெட்டினோம். துண்டில் ஒரே வரி: "சுதாகரனின் அன்பு மாமியாரும்". என் பெயர் இருக்கும் வரிக்கு மேலே அப்படியே ஒட்டினால் சரி. பசை காய்ச்சித் தந்தது பக்கத்துத் தையற்கடை றிஸ்வானா. கிண்ணியாக்காரி. வாய்க்குப் பூட்டில்லை.

"ஒங்கட பேர ஒட்டினதும் நீங்க, மறைக்கிறதும் நீங்க. நல்ல யாவாரம் புள்ள."

"கதைக்காமக் கிண்டு. கட்டி பிடிக்கும்."

"கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. அவரு ஒங்களுக்கு என்னா? மாப்புளயா, மாப்புள மாதிரியா?"

"ஞாயிற்றுக்கிழமை."

"என்னது?"

"அவர் எனக்கு ஞாயிற்றுக்கிழமை."

சிரித்துச் சிரித்துப் பசைச் சட்டியைக் கவிழ்க்கப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

உண்மையைத்தான் சொன்னேன். ஞாயிறு பன்னிரண்டரைக்கு வருவார். மோட்டார் சைக்கிள் கடைக்குப் பின்பக்கம் நிற்கும், முன்பக்கம் ஒருநாளும் நின்றதில்லை. சாப்பாடு. நாலு மணிவரை படுக்கை. தேத்தண்ணீர். போய்விடுவார். என் அலுமாரியில் மாற்றி உடுக்க அவருடைய சாரம் ஒன்று. மூன்று வருடத்தில் இரண்டாவது சாரம் வரவில்லை. கிழமை நாட்களில் வட்ஸ்அப்பில் ரோசாப்பூவோடு காலை வணக்கம். அதையே எத்தனை பேருக்கு அனுப்புகிறாரோ. நான் கேட்கவில்லை. முப்பதுக்கு முன் எனக்குக் கலியாணம் பேச வீட்டில் ஆள் இருக்கவில்லை. முப்பதுக்குப் பின் எனக்கு நேரம் இருக்கவில்லை. இப்போது நாற்பத்திரண்டு.

ஓட்டோ பிடித்து நானே போய் ஒட்டினேன். வேறு ஆளை அனுப்பினால் வாசித்துப் பார்ப்பான்.

மணிக்கூட்டுக் கோபுரச் சந்தி: 6. முடிந்தது.

மீன் சந்தைச் சுவர்: 4. ஒன்றின் மேல் ஏற்கனவே ரியூசன் விளம்பரம். நல்லது.

பஸ் நிலையம்: 7. ஒரு கிழவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "என்ன பிள்ளை, மருமகளும் செத்துப்போச்சோ?" "ஓம்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

துறைமுக வீதி: 5. ஒன்றை ஊருக்குள் திரிகிற மான் பாதி தின்றுவிட்டது. பசை ருசி. அதில் திருத்த வேண்டி வரவில்லை.

அன்புவழிபுரம், அவருடைய வீட்டுப் பக்கம்: 11. படலைகளில் நின்ற பெண்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் நிமிரவில்லை.

மிச்சம் அங்கங்கே. பின்னேரம் மூன்றரைக்கு முடிந்தது.

முடியாதது: நேற்றுக் காலை பஸ்ஸில் குச்சவெளிக்கு, அவருடைய சொந்தக்காரருக்கென்று, நாலு நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். அது போனது போனதுதான். குச்சவெளியில் நான் இன்னும் மருமகள்.

மார்ச் 6, வியாழன்

வியாழன் கிளினிக் நாள். போன வருடம் முழுக்க இந்த நாளில் காலை ஆறுக்கு இந்திரனின் அம்மாவை ஆஸ்பத்திரி வரிசையில் இருத்தியது நான். தனக்கு லீவு கிடைக்காது என்றார் இந்திரன். அம்மா என்னைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவா. பெயர் கேட்டதில்லை. இன்றும் ஆறுக்கு எழும்பிவிட்டேன். பழக்கம்.

வெள்ளைச் சேலை. பந்தலில் கடைசிக் கதிரை. வதனி நேற்று வந்துவிட்டாள். தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அழுகை உண்மை.

வாய்க்கரிசி நேரம். ஐயர் உள்ளேயிருந்து: "மகள் வாங்கோ. மருமக்கள் இருந்தா அவையும் வாங்கோ."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்துத் தள்ளியது. குச்சவெளி மாமி. இந்திரனின் தகப்பனின் தங்கை. நோட்டீஸ் வாசித்துவிட்டு என்னை விசாரித்து வந்தவ. "நீதானே கௌரி? எழும்பு பிள்ளை. மாமிக்குச் செய்யவேண்டியதைச் செய். இப்பவும் ஒளிச்சுக்கொண்டிருந்தா எப்ப வெளியில வரப்போறாய்?" என்று கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தா.

எழும்பினேன். இதை எழுதத்தான் வேண்டும். எழும்பினேன், இரண்டு அடி வைத்தேன்.

இந்திரன் தலைமாட்டில் நின்றார். வேட்டி, வெறும் மேல். என்னைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்துச் சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற குரலில்:

"இல்ல மாமி. அவ மருமகள் இல்ல. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஒழுங்குபண்ணின ஆள்."

மாமியின் அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கை என் தோளிலிருந்து இறங்கியது. சேலையில் துடைத்துக்கொண்டா.

நான் திரும்பி வந்தேன். கதிரையில் அதற்குள் வேறு ஆள். நின்றேன்.

பிரேதம் எடுத்த பிறகு வதனி தேடிக்கொண்டு வந்தாள். சிவந்த கண். "அக்கா, நீங்கதானே அம்மாவைப் பாத்த பிள்ளை? அண்ணா சொல்லுறவர், நல்ல ஆள் கிடைச்சிருக்கெண்டு. ஒரு வருசமாச் சொல்லுறவர்."

ஒரு வருடமாக. ஆக இன்று பயத்தில் வாய்க்கு வந்த பொய் இல்லை. ஆயத்தமாக வைத்திருந்த பொய்.

கையில் ஒரு பை தந்தாள். சொக்லேட், குளிருக்குப் போடுகிற சால்வை. திருகோணமலையில் பங்குனி வெயிலுக்குச் சால்வை.

மார்ச் 9, ஞாயிறு

பன்னிரண்டரைக்குப் பின்கதவில் தட்டு. நம்பவில்லை. அவர்தான். செத்தவீட்டுத் துடக்குக்காரர் மற்றவர் வீட்டுப்படி ஏறக்கூடாது. அதையெல்லாம் என் வீட்டுக்கு யார் பார்ப்பது.

"ஒருவாரமா மரக்கறி, கௌரி. வாய் செத்துப்போச்சு."

குசினியில் பாரை மீன் பொரித்து வைத்திருந்தேன். எனக்கு. அவருக்குச் சோறும் பருப்பும் வைத்தேன். மீனை என் கோப்பையில் போட்டு அவருக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன். முள் எடுத்து எடுத்து, ஆறுதலாக.

"எனக்கில்லையோ?"

"துடக்குக்காரர் மீன் தின்னக்கூடாது. நான் வெறும் ஒழுங்குபண்ணின ஆள். எனக்குத் துடக்கில்லை."

பருப்பைப் பிசைந்துகொண்டு இருந்தார். பிறகு, "அந்த நேரத்தில வேற என்ன சொல்லுறது? சனம் நிண்டது" என்றார்.

"சனம் இல்லாத நேரத்தில என்ன சொல்லுவீங்கள்? இப்ப சனமில்லை. சொல்லுங்கோ."

"ஏன் இதுக்கொரு பேர்? மூண்டு வருசம் நல்லாத்தானே போகுது. பேர் வச்சாத்தான் பிரச்சினை."

"பேர் இல்லாத சாமானை நான் கடையில வைக்கிறேல்லை."

"நீர் எல்லாத்தையும் யாவாரமாப் பாக்கிறீர்."

"யாவாரத்தில ஆள் ஓம் எண்டும் சொல்லும், ஏலாது எண்டும் சொல்லும். நீங்கள் ரெண்டும் சொல்லேல்லை."

"பிறகு பாப்பம்" என்றார். அவருடைய முழுச்சொத்தும் இந்த இரண்டு சொல்தான்.

கை கழுவப் போனபோது மேசையில் அவருடைய போன். சும்மா என் போனிலிருந்து அழுத்தினேன். திரையில் வந்த பெயர்: 'பிரிண்டிங்'.

நானும் யோக்கியமில்லை. என் போனில் அவர் 'அன்புவழிபுரம் ஓடர்'. கடைப் பெட்டைகள் பார்த்தால் என்று வைத்தது. இரண்டு பேரும் கள்ளப்பெயர். வித்தியாசம், நான் இன்று மாற்றத் தயாராக இருந்தேன்.

நாலு மணிவரை நிற்கவில்லை. நிற்கச் சொல்லவுமில்லை.

மார்ச் 12, புதன்

மழை வரும்போல இருட்டி, வராமல் போனது. புல்மோட்டைப் படகுகள் மூன்றுக்குப் பெயர் ஸ்ரிக்கர். நீல மை முடிகிறது, சொல்லவேண்டும்.

பதினொரு மணிக்கு வதனி கடைக்கு வந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடிக்க வேண்டுமாம். அம்மாவின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, நடுப்பக்கத்தில் வம்சவழி மரம், கடைசியில் நன்றிப் பக்கம். நல்ல பிள்ளை. எனக்கு அவளில் கோபம் வரவில்லை, அதுதான் கரைச்சல்.

போகும்போது ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்தாள். "அக்கா, இதில அஞ்சு கொப்பி. அண்ணான்ர சாதகம். அம்மாவின்ர ஆண்டு முடியத்தான் செய்யலாம். ஆனா அதுக்குள்ள பொருத்தம் பாத்து வைக்கலாம்தானே. ரொறன்ரோவில ஒரு இடம் இருக்கு, டிவோஸ் ஆன பிள்ளை. அண்ணா ஓம் எண்டும் சொல்லேல்லை, ஏலாது எண்டும் சொல்லேல்லை."

"பிறகு பாப்பம் எண்டிருப்பார்."

"அதேதான்! உங்களுக்கெப்பிடித் தெரியும்?" சிரித்தாள்.

ஐந்து கொப்பி. மெசின் வெளிச்சம் ஐந்து தரம் போய் வந்தது. அவருடைய நட்சத்திரம் எனக்கு இன்றுதான் தெரியும். பிறந்த நேரம் விடிய மூன்று பத்து. சாதகக் கொப்பிக்குக் காசு வாங்கவில்லை. தெளிவில்லாத ஒரு கொப்பியைக் கசக்கி எறிந்துவிட்டு ஆறாவது அடித்துக் கொடுத்தேன். வேலை வேலைதான்.

மார்ச் 13, வியாழன்

கடை பூட்டமுன் தவராசா அண்ணை வந்து என் மேசையில் ஒரு தாளை வைத்தார். அம்மாவின் அறிவித்தல். புரூஃப். கீழே என் கையெழுத்து.

"இதைக் கிழிக்கிறதோ, வைக்கிறதோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை."

தாளை என் பக்கம் திருப்பினேன்.

"நான்தான் உங்கட பேரைப் போட்டனான். ஒருவருசம் அந்த மனிசியைத் தூக்கித் திரிஞ்சனீங்கள், மருமகள் எண்டு போடாம வேற என்னெண்டு போடுறது? பிழையெண்டா நீங்கள் வெட்டியிருப்பீங்கள். நீங்கள் பாத்து, சரி எண்டு வச்சுத் தந்தனீங்கள். பிறகேன் என்னைச் சனத்துக்கு முன்னால குருடன் எண்டனீங்கள்?"

3ஆம் திகதி எழுதியதில் இதை விட்டுவிட்டேன். மாற்றிச் சொல்லாமல் இருக்க எழுதுகிறேன் என்று பெரிய எடுப்பில் தொடங்கி, எழுதும்போதே மாற்றினேன்.

பார்த்தேன். அன்று அந்த வரியில் என் கண் நின்றது. "கௌரி, சுதாகரன் ஆகியோரின் அன்பு மாமியாரும்." கமாவும் சரி, இடைவெளியும் சரி. அறுபது சுவரில் ஏறினால் அவரால் இறக்க ஏலாது என்று நினைத்தேன். கணக்குப் போட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். சனத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்லத் துணியமாட்டார் என்பது என் கணக்கு. சந்தை தெரியாத ஆள் போடுகிற கணக்கு.

தாளை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் நின்று பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 16, ஞாயிறு

வரவில்லை. செய்தியும் இல்லை. காலையில் மட்டும் ரோசாப்பூ.

அலுமாரியைத் திறந்து சாரத்தை எடுத்தேன். நீலக் கட்டம், நல்ல பருத்தி. ஆறு துண்டாக வெட்டினேன். மெசின் உருளை துடைக்க. மை நன்றாக உறிஞ்சுகிறது. பழைய பனியனைவிட எவ்வளவோ மேல்.

மார்ச் 19, புதன்

நினைவுமலர் விபரம் இந்திரனிடமிருந்து வட்ஸ்அப்பில்.

வம்சவழி மரம்: மேலே தாய் தகப்பன். கீழே வலப்பக்கம் வதனி, பக்கத்தில் சுதாகரன், அவர்களுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். இடப்பக்கம் இந்திரன். பக்கத்தில் ஒரு வெறும் பெட்டி.

நன்றிப் பக்கம், வதனி எழுதியது: வைத்தியர்கள், அயலவர், ஓட்டோத் தம்பி, "எமது தாயாரை அன்போடு பராமரித்த பணியாளர் கௌரி".

தவராசா அண்ணை அதை அடிக்காமல் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை நானே அடித்தேன். பணியாளர் கௌரி. பிழையில்லாமல்.

இந்திரனுக்குப் போன் எடுத்தேன். "வெறும் பெட்டி எதுக்கு?"

"கிடக்கட்டும். ஆக்களுக்கு முன்னால ஒண்டுமில்லாத மாதிரி இருக்கக்கூடாது. உமக்கும் நல்லதுதானே? பெட்டி திறந்து கிடக்குதெண்டு நினையுமன்."

நான் நினைக்கவேண்டுமாம்.

"வெறும் பெட்டி போனா அச்சுக்கூடத்தின்ர பிழை எண்டு சனம் சொல்லும். என்ர கடையிலயிருந்து அப்பிடிப் போகாது. ஒண்டில் பேர் தாங்கோ, இல்லாட்டிக் கோடு உங்களோட முடியும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவு."

"பிறகு..."

வைத்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

நல்ல வெயில். கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை.

பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள், அண்ணனும் தங்கையும். முதல் முறையாக அவருடைய மோட்டார் சைக்கிள் கடைக்கு முன்னால். தங்கச்சி கூட வந்ததால்.

வதனி புரூஃபைப் புரட்டிக்கொண்டே தவராசா அண்ணையைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயா, போனமுறை அக்காவைப் பிடிச்சு மருமகளாக்கிப் போட்டீங்கள். இந்தமுறை கவனம்."

தவராசா அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய கழுத்து மட்டும் சிவந்தது. போனமுறை ஏசியபோது நின்ற படகுக்காரர் ஒருவர் இன்றும் கடையில் நின்றார்.

லாச்சியைத் திறந்து அந்தப் புரூஃபை வதனிக்கு முன்னால் வைத்தேன்.

"ஐயா பிழை விடேல்லை. நான் பாத்து, சரியெண்டு கையெழுத்து வச்சனான். மூண்டு வருசமா உங்கட அண்ணா ஞாயிற்றுக்கிழமை என்ர வீட்டிலதான் சாப்பாடு. அதுக்கு என்ன முறை எண்டு எனக்குத் தெரியாது. மருமகள் எண்டு நினைச்சுப்போட்டன்."

படகுக்காரர் ஸ்ரிக்கரை விட்டுவிட்டுத் திரும்பினார். வதனி தமையனைப் பார்த்தாள். "அண்ணா?"

அவருக்கு நேரம் இருந்தது. மெசின்கூட நின்றிருந்தது. ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிட இரண்டு மடங்கு இருந்தது.

"கௌரி பகிடிக்குச் சொல்லுறா" என்றார். சிரிக்கவும் பார்த்தார்.

வதனி சிரிக்கவில்லை. புரூஃபைப் பார்த்தாள், நன்றிப் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாக, "அக்கா, அப்ப உங்களை எங்க போடுறது?"

"பின்னட்டையில. அச்சகத்தின்ர பேர் வரும். அது போதும்."

பணியாளர் வரியை அவளே பேனையால் வெட்டினாள். வெறும் பெட்டியை நான் வெட்டினேன். இந்திரன் "வதனி, நான் சொல்லுறதைக் கேள்" என்றார். அவள், "பிறகு பாப்பம் அண்ணா" என்றாள்.

இந்திரன் கடைசியாக என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "விலை எங்கட விலைதானே?" மூன்று வருடமாக அவருக்கு அடித்தது எதற்கும் நான் காசு வாங்கியதில்லை.

ஓடர் புத்தகத்தை எடுத்தேன். தவராசா அண்ணையை எழுதச் சொல்லவில்லை, அவரைக் கதிரையில் இருத்திவிட்டு நானே எழுதினேன். இந்திரன் கையெழுத்து வைத்தார். கொப்பி இங்கே:

நினைவுமலர், நூற்றைம்பது பிரதி. அட்டை கலர், உள்ளே கறுப்பு வெள்ளை. வம்சவழியில் இந்திரனோடு கோடு முடியும். வெளியாள் விலை, கழிவில்லை. பாதி இன்று, மீதி எடுக்கும்போது. முன்வாசலால் வந்து எடுக்க வேண்டும். ஞாயிறு கடை பூட்டு. அச்சான பின் திருத்தம் இல்லை.